தீப்பிடித்த கட்டடத்தில் சிக்கியவர்களால் ஏன் வெளியேற முடிவதில்லை? கும்பகோணமும் ஸ்ரீரங்கமும் காட்டியது என்ன?

மரக்காணம் உப்பளங்களில் மழை வருவதற்கு முன் உப்புக் குவியல்களை ஓலை போட்டு மூடுவார்கள். அந்தக் கரையோரக் குப்பங்களில் இன்னும் பல வீடுகளுக்குக் கூரையும் ஓலைதான். உப்பு விளையும் வெயில் மாதங்களில் அந்த ஓலை சருகாகக் காய்ந்து கிடக்கும். கடல் காற்றும் சேர்ந்துகொண்டால் ஒரு பொறி போதும். இந்த மாதிரி வீடுகளில் குனிந்து நுழையும் வாசல் ஒன்றுதான் இருக்கும். அதன் பக்கத்திலேயே அடுப்பும் இருந்துவிட்டால், தப்பிக்கும் வழியில்தான் முதலில் தீ நிற்கும்.

"பத்தடி தூரம்தானே, ஓடி வந்துடலாமே" என்று வெளியே இருப்பவர்களுக்குத் தோன்றும். தமிழ்நாடு பார்த்த மூன்று பெரிய தீ விபத்துகள் அப்படி இல்லை என்கின்றன. மூன்றிலும் எரிந்தது ஓலைதான்.

அந்த மூன்று இடங்கள்

2001 ஆகஸ்ட் 6, ஏர்வாடி. மனநலக் காப்பகக் கொட்டகையில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்கள் எழுந்து ஓடவே முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள்.

2004 ஜனவரி 23, ஸ்ரீரங்கம். திருமண மண்டபத்தின் மாடியில் போட்டிருந்த கீற்றுப் பந்தல் பற்றியது. இறங்குவதற்குக் குறுகலான படிக்கட்டு. மணமகன் உட்பட 50க்கும் மேற்பட்டோர் பலியானார்கள்.

அதே ஆண்டு ஜூலை 16, கும்பகோணம். காசிராமன் தெருவில் ஒரே கட்டடத்தில் மூன்று பள்ளிகள் நடந்துவந்தன. மதிய உணவு சமைக்கும் இடத்தில் பிடித்த தீ, மாடி வகுப்பறைகளின் கூரைக்குத் தாவியது. 94 குழந்தைகள் இறந்துபோனார்கள். பள்ளிகளில் ஓலைக் கூரையை அகற்றச் சொல்லி அரசு உத்தரவிட்டது அதற்குப் பிறகுதான்.

தீயைவிட முந்துவது புகை

அறைக்குள் புகை முதலில் மேலே போய்த் தேங்கி, பிறகு கீழே இறங்கும். அதிலுள்ள கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் வலுவாக ரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். வாசனையோ நிறமோ கிடையாது. தலை சுற்றும், கால் தளரும். தினமும் நடந்த வீட்டிலேயே கதவு எந்தப் பக்கம் என்று தெரியாமல் போகும். 1997 ஜூன் 13 அன்று டெல்லி உப்ஹார் தியேட்டரில் இறந்த 59 பேரில் பெரும்பாலானோருக்கு எமன் மூச்சுத்திணறல்தான். அங்கே கூடுதல் இருக்கைகள் போட்டு வழியை அடைத்திருந்தார்கள்.

உட்கார்ந்தே இருப்பது ஏன்?

இதுதான் பலர் நம்ப மறுக்கும் விஷயம். 1968-ல் அமெரிக்க உளவியலாளர்கள் லத்தானே, டார்லி இருவரும் ஓர் அறைக்குள் வேண்டுமென்றே புகையை விட்டார்கள். தனியாக இருந்தவர்களில் 75 சதவீதம் பேர் எழுந்துபோய்த் தகவல் சொன்னார்கள். ஆனால் கண்டுகொள்ளாத மாதிரி நடிக்கும் இருவரைப் பக்கத்தில் உட்கார வைத்தபோது, சொன்னது 10 சதவீதம் பேர் மட்டுமே. 'அவங்களே சும்மா இருக்காங்க, நமக்கென்ன' என்ற எண்ணம்! வீடு என்றால் நகை, பத்திரம், ரேஷன் கார்டு தேடுவதிலும் நிமிடங்கள் போகும். ஓலைக் கூரை அவ்வளவு நேரம் தராது.

கிளம்பினாலும், பெரும்பாலானோர் உள்ளே வந்த வழியைத்தான் தேடுவார்கள். 2003-ல் அமெரிக்காவின் ரோட் ஐலேண்டில் இரவு விடுதி ஒன்று எரிந்தபோது வேறு வழிகளும் இருந்தன. கூட்டம் முன்வாசலுக்கே பாய்ந்து அங்கேயே நெரிந்தது. 100 பேர் இறந்தார்கள்.

கான்கிரீட் வீடு என்றால் பயமில்லையா?

2030-க்குள் குடிசையில்லா தமிழ்நாடு என்ற இலக்கோடு 'கலைஞரின் கனவு இல்லம்' திட்டம் நடக்கிறது. ஓலை போவது நல்லதே. ஆனால் திருட்டுக்குப் பயந்து ஜன்னலுக்கெல்லாம் கம்பி, வாசலுக்கு கிரில் கேட், ராத்திரி அதற்குப் பூட்டு என்று ஆகிவிட்டால், அந்த வீட்டுக்கும் இருப்பது ஒரே வழிதான். அதுவும் சாவி கிடைத்தால்!

அதனால் பூட்டு போடும் வீடுகளில் சாவி எப்போதும் கேட் அருகே, வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த ஒரே இடத்தில் தொங்க வேண்டும். ஒரு ஜன்னல் கம்பியாவது உள்ளிருந்து திறக்கும்படி இருப்பது நல்லது. புகை சூழ்ந்தால் நிமிர்ந்து ஓடாமல் தரையோடு தவழ்ந்து வர வேண்டும். வெளியே வந்த பிறகு எதை எடுக்கவும் உள்ளே திரும்பக் கூடாது. தீயணைப்புத் துறையை 101 அல்லது 112-ல் அழைக்கலாம்.