பள்ளிச் சிறுவர் தேகாரோக்கியம்

நமது அரசியல் சாசனத்தின் 21-ஏ ஷரத்து, 6 வயது முதல் 14 வயது வரையுள்ள பாலர் யாவருக்கும் இலவசமாகக் கட்டாயக் கல்வி அளிக்கும்படி சர்க்காருக்கு விதிக்கிறது. அதனை நிறைவேற்ற 2009-ல் இயற்றப்பட்ட சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் அமுலில் இருந்து வருகிறது. பிறர் பொருளைத் தன் வசம் ஏற்றுக்கொள்பவன் அதைப் பழுதின்றிக் காக்கவும் கடமைப்பட்டவன் என்பது நியாயஸ்தலங்கள் நெடுநாளாய் ஒப்புக்கொண்ட கொள்கை. கிடங்கில் வைத்த நெல் மூட்டைக்கே இவ்விதி உண்டெனில், பகல் முழுதும் சர்க்கார் தன் வசம் வைத்துக்கொள்ளும் குழந்தையின் தேகத்திற்கு இல்லையா?

மந்தன் என்று பெயரெடுத்த மாணவனை உபாத்தியாயர் கடிந்துகொள்கிறார். கரும்பலகையின் எழுத்து அவன் கண்ணுக்கு எட்டவில்லை என்பதை அவர் அறியார். உலகம் எல்லோருக்கும் இப்படித்தான் மங்கித் தோன்றும் என்று எண்ணியிருக்கும் அவனும் அறியான். எழுத்து அட்டையொன்றை 6 மீட்டர் தூரத்தில் மாட்டி, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் படிக்கச் சொன்னால் குறை வெளிப்பட்டுவிடும். ஒரு மூக்குக் கண்ணாடி அவனுடைய மந்தத்தைப் போக்கிவிடவும் கூடும்.

இரத்தசோகையின் கொடுமை இதனினும் பெரிது. 2019-21ஆம் ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்நாட்டில் 15 முதல் 19 வயதுள்ள பெண்களில் நூற்றுக்கு 59 பேரும், ஆண்களில் 31 பேரும் சோகையால் பீடிக்கப்பட்டவர்கள். இதற்குக் காரணம் உணவுக் குறைவு மட்டுமன்று. அசுத்தமான மண்ணில் வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்து உட்செல்லும் கொக்கிப்புழு, குடலில் தங்கி இரத்தத்தை உறிஞ்சுகிறது. நாம் பிள்ளைக்கு இடும் சோற்றில் புழுவும் பங்கு கொள்கிறது.

சோறிடும் விஷயத்தில் தமிழ்நாடு யாருக்கும் பின்வாங்கியதில்லை. 1920-ல் சென்னை நகரசபை தன் பள்ளியில் தொடங்கிய மதிய உணவு, 1956-ல் காமராஜர் ஆட்சியில் மாகாணமெங்கும் பரவி, 1982-ல் சத்துணவாக விரிந்து, 2022-ல் காலைச் சிற்றுண்டியையும் சேர்த்துக்கொண்டது. ஆனால் நோய் வருமுன் காக்கும் விஷயத்தில் தேசம் மெல்லவே நடந்திருக்கிறது. 1909-லேயே பரோடா நகரில் பள்ளி மாணவருக்கு வைத்திய பரிசோதனை தொடங்கிற்று. ஆயினும் 1946-ல் போர் கமிட்டி ஆராய்ந்தபோது, பள்ளிச் சுகாதாரம் என்று சொல்லத்தக்க ஏற்பாடு அநேகமாக எங்குமே இல்லை. தேசமளாவிய பரிசோதனைத் திட்டம் 2013-லும், பள்ளிகளில் குடற்புழு நீக்க மாத்திரை வழங்கும் தேசிய தினம் 2015-லும்தான் வந்தன.

திட்டம் வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று சிலர் கருதலாம். அவர்களுக்கு இங்கிலாந்தின் அனுபவத்தை எடுத்துக்காட்ட விரும்புகிறோம். 1899 முதல் 1902 வரை நடந்த போயர் யுத்தத்திற்குச் சேர வந்த வாலிபர் பலர் தேகபலமின்மையால் தள்ளப்பட்டதைக் கண்ட பிறகே அந்நாடு விழித்தது. பள்ளிச் சிறுவரைப் பரிசோதிப்பதை 1907ஆம் வருஷத்துச் சட்டம் கட்டாயமாக்கிற்று. ஆனால் சிகிச்சையோ ஸ்தல அதிகாரிகளின் விருப்பத்திற்கு விடப்பட்டது. ஆரம்பப் பள்ளிச் சிறுவருக்குச் சிகிச்சையளிப்பதும் கடமையாவதற்கு 1918 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. குறையைக் கண்டறிவது வேறு, அதைத் தீர்ப்பது வேறு என்பதே இதனால் நாம் பெறும் பாடம்.

நம் நாட்டிலோ சிகிச்சை இலவசம் என்று திட்டமே கூறுகிறது. எனினும் பள்ளிக்கும் ஆஸ்பத்திரிக்கும் இடையிலுள்ள தூரத்தைக் கடப்பவர் யார்? மேல் சிகிச்சைக்கு எழுதிக் கொடுத்த சீட்டைப் பெண் வீட்டிற்குக் கொண்டு போகிறாள். ஜில்லா ஆஸ்பத்திரிக்குப் போனால் தந்தைக்கு ஒரு நாள் கூலி போகும். பஸ் கட்டணம் வேறு. சீட்டு பெட்டிக்குள் கிடக்கிறது. நோயோ உடலுக்குள் வளர்கிறது. தொண்டைப்புண் போன்ற அற்ப நோயைக்கூட இங்ஙனம் விட்டுவிடுதல் தகாது. ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்னும் கிருமியால் வரும் தொண்டைப்புண் காலத்தில் பெனிசிலினுக்கு அடங்கும். கவனியாது விட்டாலோ, வாத ஜுரமாகி இருதயத்தின் வால்வுகளையே கெடுத்துவிடக்கூடும்.

ஆகையால் சர்க்காரிடம் நாம் கோருவது இது: குறை காணப்பட்ட ஒவ்வொரு பிள்ளையின் பெயரும், அது சிகிச்சை பெற்ற தேதியும் ஒரே பதிவேட்டில் ஏற வேண்டும், தேதி ஏறாத பெயருக்கு ஓர் உத்தியோகஸ்தர் ஜவாப் சொல்ல வேண்டும், ஏழைப் பெற்றோருக்குப் போக்குவரத்துச் செலவும், இழந்த கூலியும் தரப்பட வேண்டும்.

பொதுஜன ஊழியருக்கும் இதில் பங்குண்டு. 2009ஆம் வருஷத்துச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோரே. மேடைகளில் தேச சேவை பேசும் நண்பர்கள் தத்தம் ஊர்ப் பெற்றோருக்குத் துணை நின்று, குழுக் கூட்டத்தில் மூன்று கேள்விகளைக் கேட்கச் செய்வார்களாக: வைத்தியர் குழு எப்பொழுது வந்தது? எத்தனை பிள்ளைகளிடம் குறை கண்டது? அவர்களில் எத்தனை பேர் குணமடைந்தனர்? மூன்றாவது கேள்விக்கு விடை கிடைக்கும் வரை எழுந்து போகலாகாது.