மாமாவின் கேஸட் பீரோ

எங்கள் வீட்டில் நகை வைத்திருந்த டிரங்குப் பெட்டிக்குக்கூட அத்தனை காவல் கிடையாது. கூடத்து மூலையில் நின்ற பச்சை இரும்பு பீரோவின் சாவி எப்போதும் என் மாமனாரின் அரைஞாண் கயிற்றில்தான் தொங்கும். உள்ளே பணமா, பத்திரமா? ஒன்றும் இல்லை. அத்தனையும் கேஸட். ரேடியோவில் வந்த கச்சேரிகளை அவர் தன் கையாலேயே பதிவு செய்து வைத்தவை.

அந்தப் பூட்டு ஆரம்பத்தில் இல்லை. அது வந்ததற்குக் காரணம் நான்தான்.

1985-ல் அய்யம்பாளையத்துக்கு வாக்கப்பட்டு வந்தேன். கொடைக்கானல் மலையின் கிழக்கு அடிவாரம். ஊரைச் சுற்றித் தென்னந்தோப்பு, தலையைத் தூக்கினால் தாண்டிக்குடி மலை, கொஞ்ச தூரத்தில் மருதாநதி அணை. பார்க்க அழகுதான். ஆனால் ரேடியோவுக்கு மலை ஆகாது என்று மாமா அலுத்துக்கொள்வார். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். சிங்கப்பூரிலிருந்த சித்தப்பா கொண்டுவந்து கொடுத்த டூ-இன்-ஒன் பெட்டி ஒன்று வைத்திருந்தார். அதை மேஜைமேல் இப்படி அப்படித் திருப்பித் திருப்பிப் பார்த்து, திருச்சி நிலையம் எந்தப் பக்கம் திரும்பினால் துல்லியமாகக் கேட்கிறதோ அந்த இடத்தில் மேஜையில் சாக்பீஸால் கோடு போட்டிருப்பார். தூசி துடைக்கும்போது கோடு அழிந்துவிட்டால் அன்றைக்கு எனக்குப் பாட்டுதான்! மீடியம் வேவ் அலையைப் பிடிக்கும் ஃபெரைட் கம்பி பெட்டிக்குள்ளேயே இருக்கிறது, அதனால்தான் பெட்டி திரும்பினால் சத்தமும் மாறுகிறது என்று பிற்பாடு என் பையன் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

கச்சேரி பதிவாகும்போது மிக்ஸி போடக்கூடாது. டியூப் லைட் போடக்கூடாது. "ஏம்மா, சட்னியை அம்மியிலே அரைச்சுக்கோயேன்" என்பார். மிக்ஸி ஓடினால் 'கர்ர்ர்' என்று அதுவும் கேஸட்டில் ஏறிவிடும். சனிக்கிழமை ராத்திரி ஒன்பதரைக்கு டில்லியிலிருந்து வரும் சங்கீத தேசிய நிகழ்ச்சிக்கு முன்னாலேயே எனக்கு அடுப்படி வேலை முடிந்தாக வேண்டும். 1952 ஜூலையில் ஆகாசவாணி ஆரம்பித்த நிகழ்ச்சி அது. ஒரே கச்சேரியை நாட்டிலுள்ள நிலையங்கள் எல்லாம் சேர்ந்து அஞ்சல் செய்யும். அய்யம்பாளையத்தில் நாங்கள் கேட்கிற அதே நிமிஷம் அஸ்ஸாமிலும் யாரோ கேட்டுக்கொண்டிருப்பார்கள். ஒன்றரை மணி நேரம். தொண்ணூறு நிமிஷ கேஸட்டில் பக்கத்துக்கு நாற்பத்தைந்து நிமிஷம். கணக்கு சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் கேஸட்டைத் திருப்பிப் போடும் அந்தப் பத்து விநாடி இருக்கிறதே, அது தனி ஆவர்த்தனத்தின் நடுவில் வந்துவிட்டால் மாமா மறுநாள் காலை காபிவரைக்கும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பார்.

கடையில் கேஸட் கிடைக்கிறதே, எதற்கு இந்தப் பாடு என்று நான் ஒரு தடவை கேட்டேன். "அது பாட்டும்மா, இது கச்சேரி" என்றார். அப்போது விளங்கவில்லை. அந்தக் காலத்து 78 வேக இசைத்தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம் சொச்சம்தான் இடம். பெரிய வித்வான்கள்கூட கீர்த்தனையைச் சுருக்கித்தான் கொடுத்தார்கள். எல்.பி. வந்தபிறகும் பக்கத்துக்கு இருபது, இருபத்தைந்து நிமிஷம். ராகத்தை விஸ்தாரமாகப் பாடுவது, நிரவல், ஸ்வரம், கூட்டத்தில் யாரோ 'ஆஹா' என்பது, பாடகர் தொண்டையைச் செருமிக்கொள்வது, இதெல்லாம் நேரடிக் கச்சேரியில்தானே உண்டு? அதை ரேடியோ ஒருமுறை ஒலிபரப்பும். யாராவது பிடித்து வைத்தால் உண்டு, இல்லையென்றால் காற்றோடு போச்சு. நிலையங்களே பத்திரமாக வைத்திருக்கும் என்று நினைக்காதீர்கள். டேப் விலை அதிகமாக இருந்த நாட்களில், பழையதை அழித்துவிட்டு அதன்மேலேயே புதிதாகப் பதிவது உலகம் முழுக்க ரேடியோக்காரர்களுக்கு வழக்கம்.

மாமாவிடம் பழனி சுப்பிரமணிய பிள்ளையின் மிருதங்கம் உள்ள கேஸட் ஒன்று உண்டு. பழனிக்காரர் என்பதால் எங்கள் பக்கத்துக்குத் தனிப் பெருமை. அவர் இடக்கை வாசிப்பு. இடக்கைக்காரர் வாசித்தால் மேடையில் பிடில்காரர் இடம் மாறி உட்கார வேண்டும் என்பதால் ஆரம்பத்தில் அவருக்குச் சங்கடம் இருந்தது. செம்பை வைத்தியநாத பாகவதர் விடாமல் ஆதரித்து மேடை கொடுத்தார். அவர் 1962-லேயே காலமாகிவிட்டார். பிலிப்ஸ் கம்பெனி கேஸட்டை அறிமுகப்படுத்தியதே 1963-ல்தான். ஆக, யாரோ ஸ்பூல் டேப்பில் பிடித்து, அதிலிருந்து இன்னொருவர் எடுத்து, அதிலிருந்து மாமா எடுத்தது. ஒவ்வொரு கை மாறும்போதும் 'ஸ்ஸ்' என்ற இரைச்சல் கொஞ்சம் கூடும். மழைக்கு நடுவே மிருதங்கம் கேட்கிறமாதிரி இருக்கும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

1988-ல் என் பெரியவனுக்கு எட்டு மாசம். 'ங்கா... த்தா...' என்று பேச ஆரம்பித்திருந்தான். துபாயில் இருந்த என் வீட்டுக்காரருக்கு அந்தக் குரலை அனுப்பவேண்டும் என்று எனக்கு ஆசை. வெற்றுக் கேஸட் வாங்க வத்தலக்குண்டுதான் போகவேண்டும். மாமா ஊரில் இல்லை. பீரோவைத் திறந்தேன். வரிசையாக நூற்றுக்கு மேல் இருந்தது. ஒன்றே ஒன்று குறைந்தால் என்ன ஆகிவிடப் போகிறது என்று கடைசி வரிசையிலிருந்து ஒன்றை உருவினேன். கேஸட்டின் பின்விளிம்பில் இரண்டு சின்ன பிளாஸ்டிக் துண்டு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதை உடைத்துவிட்டால் அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. மாமா உடைத்துத்தான் வைத்திருந்தார். அந்த ஓட்டையில் செல்லோடேப் ஒட்டினால் மறுபடி பதியலாம் என்பது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ஒட்டினேன். தெரியாமல் செய்தேன் என்று இத்தனை வருஷம் எல்லோரிடமும் சொல்லி வந்தது பொய்.

மாமா திரும்பிவந்த ஞாயிற்றுக்கிழமை அதே கேஸட்டைத்தான் போட வேண்டுமா! திருச்சியில் வந்த மதுரை சோமுவின் கச்சேரி. 'தெய்வம்' படத்தில் மருதமலை முருகன்மேல் பாடினாரே, அவரேதான். சண்முகப்பிரியா ராகத்தை ஏற்றிக்கொண்டே போகிறார், போகிறார்... 'டக்' என்று ஒரு சத்தம். உடனே 'ங்கா' என்று என் பிள்ளை! அடுப்படியில் நின்ற எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மாமா திட்டவில்லை. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். "பய நல்லாப் பேசுறான்" என்றார். எழுந்து தோப்புக்குப் போய்விட்டார். மறுநாள் பீரோவுக்குப் பூட்டு வந்தது. அந்தக் கேஸட் துபாய்க்குப் போகவே இல்லை. கேட்கிற தைரியமும் எனக்கு வரவில்லை. அடுத்த வருஷம் டிசம்பரில் சோமு காலமானார் என்ற செய்தி வந்தபோது, மாமா பேப்பரை மடித்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பாமலே எழுந்து போனது இன்னும் கண்ணில் நிற்கிறது. அவர் திட்டியிருந்தால் தேவலை.

2003-ல் மாமா போனார். அப்புறம் அத்தை. கோடைப் பண்பலை வந்து, டி.வி. வந்து, செல்போன் வந்து, பீரோவை யாரும் திறக்கவில்லை. நாலு வருஷத்துக்கு முன்னால் வீட்டுக்கு வெள்ளை அடிக்கும்போது சாமான்களை ஒழித்தோம். பழைய பிளாஸ்டிக் எடுக்கிறவர் கிலோ கணக்கில் விலை பேசிவிட்டார். பெங்களூரில் இருக்கும் பெரியவனிடம் போனில் தற்செயலாகச் சொன்னேன். "அம்மா, ஒண்ணைக்கூடக் கொடுத்துடாதீங்க!" என்று அலறினான்.

அவனுக்கு ராக் இசைப் பைத்தியம். அமெரிக்காவில் 'கிங் பிஸ்கட் ஃபிளவர் அவர்' என்று ஒரு ரேடியோ நிகழ்ச்சி 1973 பிப்ரவரியில் ஆரம்பித்ததாம். பெயரைக் கேட்டதும் சமையல் நிகழ்ச்சி என்று நினைத்தேன். பாதி சரிதான்! 1941-ல் ஒரு மாவுக் கம்பெனிக்காக ஆர்க்கன்ஸா மாநிலத்தில் தொடங்கிய 'கிங் பிஸ்கட் டைம்' என்ற நிகழ்ச்சியின் பெயரை ஒட்டி வைத்ததாம். மேடையில் நடந்த கச்சேரியைப் பதிவு செய்து ஊர் ஊராக உள்ள நிலையங்களுக்கு அனுப்புவார்கள், பிற்பாடு இசைத்தட்டாகவே அடித்து அனுப்பினார்கள். ஞாயிறு ராத்திரி நாடு பூராவும் ஒலிபரப்பாகும். நம் தேசிய நிகழ்ச்சி மாதிரிதான் என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒலிபரப்பு முடிந்ததும் குப்பைக்குப் போகவேண்டிய அந்தத் தட்டுகளைச் சில நிலையத்துக்காரர்கள் வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். 1982-ல் ஒரு தீ விபத்தில் மூல டேப்புகள் பல சேதமாகிவிட்டதால், அப்படி வீட்டுக்குப் போனவைக்கு இன்றைக்குச் சேகரிப்பாளர்களிடம் ஏக கிராக்கி. முதல் நிகழ்ச்சியில் வாசித்தவர்களில் ஜான் மெக்லாலினின் குழுவும் உண்டு. நம் கடம் விக்கு விநாயக்ராமோடு சேர்ந்து பிற்பாடு 'சக்தி' குழு அமைத்தாரே, அதே மெக்லாலின். "அவங்க ஊர்ல குப்பையிலேருந்து பொறுக்கினதை வெச்சுப் பூஜை பண்றாங்க, நீங்க வீட்ல இருக்கிறதைக் கிலோவுக்குப் போடுறீங்களா?" என்றான். எனக்குச் சுருக்கென்றது.

பீரோவைத் திறந்தால் பூஞ்சைக் காளான் வாடை. மலையடிவாரத்து ஈரம், கேட்பானேன்! மூக்கில் துணி கட்டிக்கொண்டுதான் தொட்டேன். நீங்களும் அப்படித்தான் செய்ய வேண்டும். பூஞ்சைத் தூசி மார்புச் சளியும் இளைப்பும் உள்ளவர்களுக்கு ஆகவே ஆகாது. குழந்தைகளைப் பக்கத்தில் விடாதீர்கள். வெள்ளை பூத்த கேஸட்டை அப்படியே ரிகார்டரில் போட்டால் அடுத்த கேஸட்டுக்கும் ஒட்டிக்கொள்ளும். காற்றோட்டமான நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் வைத்தால் பிளாஸ்டிக் நெளிந்துவிடும். பென்சிலை ஓட்டையில் விட்டுச் சுற்றி, டேப் எங்கும் ஒட்டிக்கொள்ளவில்லை என்று பார்த்துக்கொண்டேன். சிலவற்றில் டேப்பை அழுத்திப் பிடிக்கும் பஞ்சுத் துண்டு உதிர்ந்திருந்தது. திருகு போட்ட கேஸட் ஒன்றைக் கழற்றி, அந்தக் கூட்டுக்குள் டேப் சுருளை மாற்றி வைத்தேன். பொத்தான் தைக்கிற கைக்கு இது பெரிய வேலை இல்லை. ரிகார்டரின் ஹெட்டை ஐசோபுரொபைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் அடிக்கடி துடைக்க வேண்டும். பிறகு இயர்போன் துளையிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஒரு ஒயர், அவ்வளவுதான். ஆனால் இதில் குறுக்கு வழியே கிடையாது. ஒன்றரை மணிக் கச்சேரிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகியே தீரும். காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன். மிக்ஸி போட்டாலும் இப்போது பயமில்லை!

சுத்தம் செய்து முடித்த கேஸட்டுகளைப் புத்தகம் மாதிரி நிமிர்த்தி, ஸ்பீக்கர் பக்கம் போகாமல் அடுக்கினேன். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது, பதிவைக் கெடுத்துவிடும். புது செருப்பு டப்பாவில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலங்களைத் தட்டுக்கு இரண்டாகப் போட்டேன்.

நூற்றுப் பத்தாவதோ என்னவோ, அதுதான் கையில் வந்தது. அட்டையில் மாமாவின் முத்து முத்தான எழுத்து. 'மதுரை சோமு, திருச்சி, 1987'. கீழே உருப்படிகளின் பட்டியல். மூன்றாவதாகச் 'சண்முகப்பிரியா'. அதற்கப்புறம் எழுதியிருந்த மூன்று வரிகளைக் கோடு போட்டு அடித்துவிட்டு, வேறு மையில் 'இதன் பிறகு பேரன், எட்டு மாதம்' என்று எழுதியிருந்தார். கேஸட்டின் பின்விளிம்பைப் பார்த்தேன். நான் ஒட்டிய செல்லோடேப்பைப் பிய்த்து எடுத்திருந்தார்.

பதினேழு நிமிஷம் சோமு. பிறகு அந்த 'டக்'. பிறகு பெரியவன். அவனுக்குப் பின்னால் அத்தையின் குரல், "அடியே, பிள்ளைக்குத் தொப்பியைப் போடு, பனி விழுது" என்று. அத்தையின் குரல் வேறெங்கும் எங்களிடம் இல்லை. அன்றைக்கு நான் உலை வைத்துவிட்டு அரிசி போட மறந்துபோனேன்.

இன்னும் முப்பத்துச் சொச்சம் கேஸட் பாக்கி இருக்கிறது. பெரியவன் எல்லாவற்றையும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து வைக்கிறான். விற்பதற்கு இல்லை.

உங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டுப் பரணிலோ, மாமனார் அலமாரியிலோ பழைய கேஸட் இருந்தால், திருச்சி நிலையம் 1987-ல் ஒலிபரப்பிய சோமு கச்சேரி அதில் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது உருப்படி சண்முகப்பிரியா. கிடைத்தால் இந்தப் பத்திரிகைக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். அந்த 'டக்'குக்கு அப்புறம் சோமு என்ன பாடினார் என்று நான் இன்னும் கேட்டதில்லை.