நோயாளி உள்ள வீட்டில் கோழி வளர்ப்பு: உபரிச் சேவல்களைக் குறைத்தலும் பெட்டைகளைத் தேர்ந்தெடுத்தலும்

காசநோய்ச் சிகிச்சையில் இருப்பவருக்கோ அறுவைச் சிகிச்சைக்குப் பின் உடல் தேறி வருபவருக்கோ நாள்தோறும் ஒரு முட்டை கிடைக்கட்டும் என்று புறக்கடையில் நான்கைந்து கோழிகள் வளர்ப்பது நம் ஊர்களில் வழக்கம். இது நல்ல வழக்கமே. ஆயினும் அடைவைத்துப் பொரித்த குஞ்சுகளில் ஏறக்குறையப் பாதி சேவல்களாகவே வளரும். முட்டைக்காக மட்டும் வளர்க்கும் வீட்டிற்குச் சேவல் தேவையில்லை. சேவல் இல்லாமலும் பெட்டை முட்டையிடும். அம்முட்டையின் சத்து சிறிதும் குறையாது. குஞ்சு பொரிக்க விரும்பினால் எட்டு முதல் பத்துப் பெட்டைகளுக்கு ஒரு சேவல் போதுமானது.

சேவல்களை ஏன் குறைக்க வேண்டும்?

வளர்ந்த சேவல் காலிலுள்ள முள்ளால் குத்தும். நீரிழிவு நோயாளியின் காலில் ஏற்படும் சிறு கீறலும் ஆறாத புண்ணாகலாம். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உட்கொள்பவருக்கு இரத்தக் கசிவு எளிதில் நிற்காது. சேவல் குத்தினால் காயத்தை ஓடும் நீரில் சோப்பிட்டுக் கழுவி, மருத்துவரை அணுகி, டெட்டனஸ் தடுப்பூசி தேவையா எனக் கேட்டறியவும். மஞ்சள், சுண்ணாம்பு ஆகியவற்றைக் காயத்தில் அப்ப வேண்டாம். ரேபிஸ் பாலூட்டிகளால் பரவும் நோய். கோழியால் அது வரும் என அஞ்ச வேண்டியதில்லை.

இரண்டு மூன்று சேவல்கள் ஒன்றாக இருந்தால் ஓயாமல் சண்டையிடும். பெட்டைகளின் முதுகும் புண்ணாகும். விடியுமுன் தொடங்கும் கூவல், உறக்கமின்றித் தவிக்கும் நோயாளிக்கும் இரவெல்லாம் விழித்திருந்த பராமரிப்பாளருக்கும் பெருந்தொல்லை.

கொண்டை விரைவில் சிவந்து பெரிதாவதையும், மூன்றாம் மாத அளவில் இடுப்பருகே கூரிய நீண்ட இறகுகள் தோன்றுவதையும் கொண்டு சேவலை அறியலாம். கூவத் தொடங்கும் முன்பே கொடுத்துவிடுவது நன்று. இனப்பெருக்கத்திற்குச் சேவல் தேடும் அண்டை வீட்டாரிடமோ கோழி வளர்ப்போரிடமோ கொடுக்கலாம். இறைச்சிக்கு விற்பதிலும் தவறில்லை. சேவற்சண்டைக்குக் கேட்பவரிடம் கொடுக்க வேண்டாம். விலங்குகளைச் சண்டையிடத் தூண்டுவதும், ஆதரவின்றிக் கைவிடுவதும் 1960 ஆம் ஆண்டின் விலங்குகள் வதைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். எனவே ஏரிக்கரையிலோ சாலையோரத்திலோ விட்டுவருவதும் கூடாது. கோயிலுக்கு நேர்ந்துவிட்ட சேவல் வீட்டில் இருந்தால், நோயாளி நடமாடும் பகுதிக்கு வராதவாறு அதனைத் தனியே அடைத்து வளர்க்கவும்.

நோயுற்ற சேவலை யாருக்கும் விற்கவோ கொடுக்கவோ வேண்டாம். சந்தையில் விலை படியாமல் திரும்பி வரும் சேவலையும் புதிய கோழியைப் போலவே கருத வேண்டும். அங்கு பிற கோழிகளிடமிருந்து தொற்றிய கிருமியை அது வீட்டிற்குக் கொண்டுவரலாம்.

எத்தகைய பெட்டைகளை வாங்கலாம்?

நாட்டுக்கோழி ஆண்டிற்கு ஏறத்தாழ 50 முதல் 80 முட்டைகளே இடும். இடையிடையே அடையில் உட்கார்ந்துவிடும். முட்டையே நோக்கமாயின், ஐதராபாத்தில் உள்ள கோழியின ஆராய்ச்சி இயக்குநரகம் உருவாக்கிய கிராமப்பிரியா போன்ற இனம் ஏற்றது. புறக்கடையிலேயே அது நாட்டுக்கோழியைப் போல் இருமடங்கு முட்டையிடும்.

குஞ்சுகளை விட, முட்டையிடும் பருவத்தை நெருங்கிய விடைக்கோழிகளை வாங்குவதே நோயாளி உள்ள வீட்டிற்குப் பொருத்தம். பெட்டையா சேவலா என்ற ஐயம் அதில் இல்லை. குஞ்சுகளைக் கையில் ஏந்திக் கொஞ்சும் குழந்தைகளுக்கு சால்மோனெல்லா தொற்றும் வாய்ப்பும் குறைகிறது. கண் தெளிவாகவும், மூக்கில் சளியின்றியும், எச்சத்துவாரத்தைச் சுற்றியுள்ள இறகு தூய்மையாகவும் இருக்க வேண்டும். வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி போடப்பட்டதா எனக் கேட்டு வாங்கவும். புதிய கோழிகளை 30 நாள்கள் தனியே அடைத்துக் கவனித்த பின்னரே பழையவற்றுடன் சேர்க்கவும்.

நோயாளிக்கான முன்னெச்சரிக்கைகள்

நலமாகத் தோன்றும் கோழியின் எச்சத்திலும் சால்மோனெல்லா இருக்கக்கூடும். புற்றுநோய்க்கான கீமோதெரபி பெறுபவர், உறுப்பு மாற்று செய்துகொண்டவர், கருவுற்ற தாய்மார், 65 வயதைக் கடந்தோர், ஐந்து வயதிற்கு உட்பட்ட குழந்தைகள் ஆகியோர் கோழிகளைத் தொடுவதையும் கூட்டைத் தூய்மை செய்வதையும் தவிர்க்க வேண்டும். ஆஸ்துமா உள்ளவருக்கு உலர்ந்த எச்சத்தின் தூசியே மூச்சிரைப்பைத் தூண்டலாம். கூட்டைப் பெருக்குபவர் சிறிது நீர் தெளித்து, முகக்கவசம் அணிந்து பெருக்கட்டும். கூட்டருகே அணியும் செருப்பை வீட்டினுள் கொண்டுவர வேண்டாம். நோயாளிக்கு உணவோ மருந்தோ கொடுக்கும் முன் சோப்பிட்டுக் கைகழுவுவது கட்டாயம்.

உடல் தேற நாட்டுக்கோழி முட்டையைப் பச்சையாகக் குடிக்கக் கொடுக்கும் பழக்கம் இன்றும் உள்ளது. பெரியோர் அன்பினால் கொடுப்பதுதான். எனினும் எதிர்ப்பாற்றல் குறைந்தவருக்கு அதுவே தீங்காகலாம். வெள்ளைக்கருவும் மஞ்சள்கருவும் கெட்டியாகும்வரை வேகவைத்தே கொடுக்கவும். ஆஃபாயிலும் வேண்டாம். சிறுநீரக நோயாளி ஒரு நாளில் எத்தனை முட்டை உண்ணலாம் என்பதை மருத்துவரிடம் கேட்டறியவும்.

கோழிகள் திடீரென அடுத்தடுத்து இறந்தால் வெறுங்கையால் தொடாமல், உண்ணாமல், கால்நடை மருந்தகத்திற்கோ 1962 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிற்கோ தெரிவிக்கவும். வீட்டில் எவருக்கேனும் காய்ச்சல், வயிற்றுப்போக்கு, இருமல் ஆகியவற்றில் ஒன்று தோன்றினால், வீட்டில் கோழி வளர்ப்பதையும் மருத்துவரிடம் தவறாமல் கூறவும்.