கட்டி தெரிந்த நாளும் பஸ் ஏறிய நாளும்

திருவனந்தபுரம் தம்பானூரில் ரயில் நிலையமும் பஸ் நிலையமும் எதிரெதிரே இருக்கின்றன. நாகர்கோவில் பக்கமிருந்து காலையில் வந்து இறங்கும் கூட்டத்தில், ஸ்கேன் படம் மடங்காமல் பெரிய கவரை நெஞ்சோடு அணைத்தபடி மெடிக்கல் காலேஜ் பஸ்ஸைத் தேடும் தமிழ்ப் பெண்களைப் பார்க்கலாம். 1981-ல் தொடங்கிய மண்டலப் புற்றுநோய் மையத்துக்கு, அதாவது ஆர்.சி.சி.க்குப் போகிறவர்கள். குமரிக்காரர்களுக்குச் சென்னை சுமார் 700 கிலோமீட்டர், திருவனந்தபுரம் 70.

சிகிச்சை எட்டும் தூரம் பல நேரம் உயிரையே தீர்மானிக்கிறது. அமெரிக்காவையே பாருங்கள். அங்கே கறுப்பினப் பெண்களுக்கு மார்பகப் புற்றுநோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. இறப்பு விகிதமோ ஏறக்குறைய 40 சதவீதம் அதிகம். ஹார்மோன் மாத்திரைக்கு மசியாத 'டிரிப்பிள் நெகட்டிவ்' வகை அவர்களிடம் இரு மடங்கு என்பது உண்மைதான். ஆனால் மாத்திரைக்குக் கட்டுப்படும் வகையிலும் அவர்களே அதிகம் சாகிறார்கள். உடம்பை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. இன்சூரன்ஸ் இல்லாமை, தள்ளிப்போகும் சிகிச்சை எல்லாம் சேர்ந்துதான் கொல்கின்றன.

நம் நாட்டிலும் இதே கதைதான், இனத்துக்குப் பதில் ஊர். 2012 முதல் 2015 வரை நோய் கண்டறியப்பட்டவர்களில் ஐந்தாண்டு கடந்து வாழ்ந்தவர்கள் கொல்லத்தில் 71.5 சதவீதம், திருவனந்தபுரத்தில் 69.1. அருணாசலப் பிரதேசத்தின் பாசிகாட்டில் 41.9. நோய் மார்போடு நின்றிருந்தால் 81 சதவீதம் பேர் பிழைத்தார்கள். வேறு உறுப்புகளுக்குப் பரவிய பின் 18.3 சதவீதம் பேர்தான்.

ஆரம்பத்தில் கட்டி பெரும்பாலும் வலிக்காது. அதுதான் கேடு. மகளுக்குக் கல்யாணம் கழியட்டும், பையனுக்குப் பரீட்சை முடியட்டும் என்று மாதங்கள் ஓடிவிடும்.

திருவனந்தபுரம் மாவட்டத்தில் 2006-ல் ஓர் ஆய்வு தொடங்கியது. 30 முதல் 69 வயது வரையிலான 1,15,652 பெண்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு மட்டும் பயிற்சி பெற்ற பெண் ஊழியர்கள் மார்பைத் தொட்டுப் பார்த்துச் சோதித்தார்கள். மேமோகிராம் மெஷின் கிடையாது, விரல்கள்தான். அந்தப் பிரிவில் ஆரம்ப நிலையிலேயே பிடிபட்ட நோய் லட்சத்துக்கு 18.8, மற்றதில் 8.1. விரலுக்குத் தப்பிய கட்டிகளும் நிறையவே உண்டு. இருந்தும் இது சாதாரணக் காரியமில்லை.

2023-ல் தமிழக அரசு புற்றுநோய்ப் பரிசோதனைக்கு வீடு தேடி அழைப்பு கொடுக்கத் தொடங்கிய முதல் மாவட்டங்களில் குமரியும் ஒன்று. அழைப்பு வந்தால் வீட்டிலிருக்கும் அம்மாவையும் மாமியாரையும் கையோடு கூட்டிப்போங்கள். முப்பது தாண்டியிருந்தால் நீங்களும் காட்டிவிட்டு வாருங்கள்.