பழைய சேமிப்புப் பெட்டியின் பெறுமதி

கனடாவில் குடியேறிவிட்ட மாமா விட்டுப்போன நெட்வொர்க் சேமிப்புப் பெட்டியை என்ன விலைக்குக் கொடுக்கலாம் என்று கேட்டு இணுவிலில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். ரவுட்டரோடு பொருத்தி வீட்டிலுள்ள எல்லாரும் பாவிக்கும் கறுப்புப் பெட்டிதான். இரண்டு வன்தட்டுகள், பத்து வருடத்துக்கு மேற்பட்ட வயது. கலியாண வீடியோக்களும் அம்மம்மாவின் அந்தியேட்டிப் படங்களும் இன்னும் அதற்குள்தான் இருக்கின்றனவாம்.

முதலில் பார்க்க வேண்டியது வன்தட்டின் உழைப்பை. ஒவ்வொரு தட்டும் தன் கணக்கைத் தானே எழுதி வைக்கிறது. 'ஸ்மார்ட்' எனப்படும் அந்தக் கணக்கைப் பெட்டியின் அமைப்புப் பக்கத்தில் பார்க்கலாம். வருடம் முழுக்க நிறுத்தாமல் ஓடினால் 8,760 மணித்தியாலம். 50,000ஐத் தாண்டிய தட்டு ஐந்தரை வருடத்துக்கு மேல் ஓய்வில்லாமல் சுழன்றிருக்கிறது. பழுதாகி மாற்றப்பட்ட பகுதிகள், வாசிக்க முடியாமல் நிற்கும் பகுதிகள் இரண்டும் பூச்சியமாக இருக்க வேண்டும். இருந்தாலும் முழுதாக நம்பிவிட முடியாது. கூகுள் தன்னிடமிருந்த ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்து 2007இல் வெளியிட்ட கட்டுரையின்படி, செத்துப்போன தட்டுகளில் பாதிக்கு மேற்பட்டவை முக்கியமான எச்சரிக்கை எண்கள் எதையும் காட்டாமலே போயிருந்தன. 2022இல் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை நீண்ட மின்வெட்டுகளையும் பார்த்த தட்டென்றால் இன்னும் கவனம் வேண்டும்.

அடுத்தது மென்பொருள். இதில்தான் விசித்திரமான கதை ஒன்று உண்டு. வெஸ்ரேர்ன் டிஜிற்றல் நிறுவனத்தின் 'மை புக் லைவ்' பெட்டிகளுக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2015உடன் நின்றுபோயின. பெட்டிகளோ பல நாடுகளில் ஓடிக்கொண்டேயிருந்தன. 2021 ஜூனில் ஒருநாள் காலை எழுந்து பார்த்தவர்களின் கோப்புகளைக் காணவில்லை. யாரோ தொலைவிலிருந்து கட்டளை அனுப்பிப் பெட்டிகளை வெறுமையாக்கியிருந்தார்கள். ஆராய்ந்தபோது, எல்லாவற்றையும் அழிக்கும் கட்டளைக்கு முன் 'நீ உரிமையாளரா?' என்று கேட்கும் வரிகள் நிரலில் எழுதப்பட்டே இருந்தன. ஒவ்வொரு வரியின் முன்னும் இரண்டு சாய்கோடுகள்! அப்படிக் கோடிட்ட வரியைக் கணினி படிக்காது. 2011 ஏப்ரலில் நிரலைத் திருத்தியபோது நேர்ந்த பிழை, பத்து வருடம் அப்படியே கிடந்தது.

பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தார் பழைய மொறிஸ் மைனரையும் ஒஸ்ரினையும் சில துளி பெற்றோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். கம்பனி கைவிட்டாலும் பக்கத்துக் கராஜ் கைவிடவில்லை. இந்தப் பெட்டிக்கு அப்படியொரு கராஜ் கிடைப்பது அரிது. ஆகவே, கடைசித் திருத்தம் எப்போது வந்தது என்பதைப் பார்க்காமல் விலை பேசக்கூடாது.

'இரண்டு தட்டிலும் எல்லாம் இருக்கிறதுதானே' என்று வாசகி ஆறுதல்படுகிறார். அது பிரதியாகாது. ஒன்றில் ஒரு கோப்பை அழித்தால் மற்றதிலும் அந்தக் கணமே அழியும். இடி விழுந்தால் இரண்டும் சேர்ந்தே போகும். 1981இல் எரிந்த யாழ் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்கள் இருந்தன. அச்சு நூல்களில் பலவற்றைத் திரும்பத் தேடிச் சேர்க்கலாம். வேறெங்கும் பிரதியில்லாத ஓலைச்சுவடிகளை எங்கே தேடுவது? 2005இல் தொடங்கிய 'நூலகம்' எண்ணிம நூலகம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் மின்வருடி இணையத்தில் வைத்துவருவதன் அருமை இதனால்தான் இந்த மண்ணுக்கு நன்றாகத் தெரியும். அப்படியிருந்தும் சொந்த வீட்டுப் படங்களென்று வரும்போது ஒரே பெட்டியை நம்பி இருந்துவிடுகிறோம்.

இணுவில் பெட்டிக்குப் பெரிய விலை வராது. கோப்புகளைப் புதிய தட்டொன்றில் ஏற்றி, இன்னொரு பிரதியை மாமாவிடம் அனுப்பிய பிறகு, வெளி இணையத் தொடர்பைத் துண்டித்து வீட்டுக்குள் மூன்றாவது பிரதிக்கு அதை வைத்திருக்கலாம். விற்கத்தான் வேண்டுமென்றால் தட்டுகளைக் கழற்றிவிட்டு வெறும் பெட்டியாகக் கொடுப்பதே நல்லது. வெறுமனே அழித்த கோப்புகளை மீட்டெடுக்கும் மென்பொருள்கள் இலவசமாகவே கிடைக்கின்றன.