மரக் கொட்டகையும் மழைக்கால ஈரமும்

மும்பையிலிருந்து மத்திய ரயில்வே பாதையில் சுமார் 48 கிலோமீட்டர் தொலைவில், உல்லாஸ் ஆற்றின் கழிமுகத்தை அடுத்து அமைந்த ஊர் டோம்பிவிலி. ஜூன் முதல் செப்டம்பர் முடிய இப்பகுதியில் 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை பெய்கிறது. ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 85 அளவில் நாள் கணக்காக நிலைத்து நிற்கிறது. தமிழ்நாட்டிலிருந்து இங்கு வந்து குடியேறிய குடும்பங்கள், ஊரிலிருந்து கொண்டுவந்த வடகத்தில் பூசணம் படர்வதைக் கண்டே இக்காலநிலையின் இயல்பை முதலில் அறிந்துகொள்கின்றன எனலாம்.

வீட்டுக்குள்ளேயே இந்நிலை என்றால், பள்ளித் தோட்டத்திலும் வயலோரத்திலும் நிற்கும் மரக் கொட்டகையின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. மண்வெட்டி துருப்பிடிப்பது சிறு நஷ்டமே. விதை கெடுவதுதான் பெரிய நஷ்டம். தானா மாவட்டத்து விவசாயிகள் நெல் அறுவடைக்குப் பின், நிலத்தில் எஞ்சிய ஈரத்தைக் கொண்டே வால் அவரையைப் பயிரிடுகின்றனர். மாசி, பங்குனியில் சேகரித்த அவ்விதை, மழைக்காலம் முழுவதையும் கொட்டகையில் கழித்த பிறகே மறுபடி மண்ணைக் காண்கிறது. விதையிலுள்ள ஈரம் நூற்றுக்கு ஒரு பங்கு குறையும்போது அதன் ஆயுள் ஏறத்தாழ இரு மடங்காகிறது என்பது விதை விஞ்ஞானத்தில் பழகிய கணக்கு. ஈரம் ஏறினால் இக்கணக்கு எதிராகத் திரும்புகிறது. முளைக்கவில்லை என்பது தெரியவரும் வேளையில் நிலத்து ஈரம் வற்றிவிடுமாதலால், அவ்வாண்டு விதைப்பே தவறிப்போகும். யூரியா உரமும் 30 டிகிரி சென்டிகிரேடில் ஈரப்பதம் சுமார் 73-ஐத் தாண்டினால் காற்றிலிருந்து நீரை உறிஞ்சிக் கட்டியாகிவிடுகிறது.

ஈரம் வரும் வழிகள்

கொட்டகைக்குள் நீர் புகும் வழிகள் மூன்று. தரையிலிருந்து ஊறி ஏறுவது ஒன்று; தென்மேற்குக் காற்றோடு சாய்ந்தடிக்கும் சாரல் மற்றொன்று; காற்றிலுள்ள நீராவி குளிர்ந்த பரப்பில் படிந்து நீராவது மூன்றாவது. இவற்றைப் பிரித்தறியாமல் செய்யும் செலவு பெரும்பாலும் வீண் செலவே. தரை ஈரத்தைக் கண்டறிய எளிய சோதனை ஒன்று உண்டு. ஒரு சதுர அடி பாலிதீன் தாளைத் தரைமீது விரித்து, நான்கு ஓரங்களையும் ஒட்டி, ஒரு நாள் முழுதும் விட்டுவைக்கவேண்டும். தாளின் அடியில் நீர்த்துளி இருந்தால் ஈரம் மண்ணிலிருந்து வருகிறது. மேற்புறத்தில் இருந்தால் காற்றிலிருந்து வருகிறது. மாணவர்களைக் கொண்டே ஆசிரியர்கள் இதைச் செய்விக்கலாம்.

காற்று எவ்வளவு நீரைத் தரக்கூடும்? மூன்று மீட்டர் நீளமும் இரண்டு மீட்டர் அகலமும் இரண்டு மீட்டர் உயரமும் உள்ள கொட்டகையில் 12 கன மீட்டர் காற்று அடங்கும். 30 டிகிரி வெப்பமும் 80 ஈரப்பதமும் உள்ளபோது அக்காற்றில் சுமார் 290 கிராம் நீராவி இருக்கிறது. அது 26 டிகிரிக்குக் குளிர்ந்ததும் பனிநிலையை எட்டுகிறது. 22 டிகிரிக்குக் குளிர்ந்தால் ஏறத்தாழ 60 கிராம் நீர், அதாவது நான்கு பெரிய கரண்டி அளவு, வெளிப்பட்டுவிடும். ஒரு முறைக்கு இது அற்பமே. ஆயினும் இரவுதோறும் புதுக் காற்று புகுந்து புது நீரைத் தருகிறது. நனைந்த சாக்குகள் உள்ளே கிடந்தால் அளவு பன்மடங்காகும்.

கூரைத் தகரம் “வியர்த்து”ச் சொட்டுவது கடும் மழை நாட்களில்தான் என்று பலர் எண்ணுகின்றனர். மேகம் மூடிய இரவில் தகரம் அதிகமாகக் குளிர்வதில்லை. மழை விட்டு வானம் தெளியும் அக்டோபர் முதலாகவே, தகரம் தன் வெப்பத்தை ஆகாயத்திற்கு இழந்து சுற்றுக் காற்றைவிடக் குளிர்ந்துவிடுகிறது. மழை முடிந்ததென்று பொருள்களைப் பாதுகாப்பின்றி அடுக்கும் சமயத்திலேயே கூரை சொட்டத் தொடங்குவதன் காரணம் இதுவே.

மரம் வெறும் நீராவியால் உளுத்துவிடுவதில்லை. ஈரப்பதம் 90 உள்ள காற்றில் நெடுநாள் இருந்தாலும் மரத்தின் ஈரம் நூற்றுக்கு 20 அளவிலேயே நிற்கிறது. உளுக்கச் செய்யும் பூஞ்சைகள் வேரூன்றுவதற்கு அதற்கு மேல் வேண்டும். அந்த மிகுதியைத் தருவது சாரலும் சொட்டும் தரை நீருமே. மேற்பரப்பில் வெண்மையாகப் படரும் பூசணத்திற்கோ ஈரப்பதம் 80 இருந்தாலே போதும்.

கட்டும் முறை

கொட்டகையைக் கல் அல்லது கான்கிரீட்டுத் தூண்களின்மேல் 30 முதல் 45 செண்டிமீட்டர் உயர்த்தி அமைப்பது முதற் கடமை. தூணுக்கும் உத்தரத்திற்கும் இடையே தார்த்தாள் அல்லது கனத்த பாலிதீன் வைத்தால் ஈரம் மரத்தில் ஏறாது. அடியிலுள்ள வெளி காற்று ஓடுவதற்கென்றே விடப்பட்டது. அங்கே விறகும் பழஞ்சாமானும் திணித்தால் கறையானுக்கு ஏணி வைத்ததாகும். தென்மேற்குப் பக்கத்தில் இறவாரம் 60 செண்டிமீட்டராவது நீண்டிருத்தல் நலம். மழைக்கு முன்னர் சுவர்மீது தென்னங் கிடுகு கட்டும் கொங்கணத்து வழக்கத்தை நாட்டுப்புறப் பழக்கமென்று ஒதுக்கவேண்டாம். சாரலை வாங்கிக்கொண்டு, பின்னால் காற்றோட்டத்திற்கும் இடம் விடுகிறது அது. பலகையோடு ஒட்டிக் கட்டும் தார்ப்பாய் அவ்வாறு செய்வதில்லை.

குளிர்நாட்டு நூல்கள் சுவரின் உட்புறம் முழுவதும் நீராவி புகாத தாளை ஒட்டச் சொல்கின்றன. அங்கே வீட்டினுள் மூட்டும் வெப்பத்தாலும் சமையலாலும் ஈரம் உள்ளிருந்து வெளியே செல்கிறது. இங்கே அது வெளியிலிருந்து வருகிறது. உட்புறத்தை மூடிவிட்டால் சாரலில் நனைந்த பலகை உலர வழியின்றி உளுத்துப்போகும்.

காற்றுத் துளைகள் வடக்கிலும் கிழக்கிலும், கீழே ஒன்றும் கூரையை ஒட்டி ஒன்றுமாக அமையவேண்டும். தகரக் கூரையின் அடியில் சிறிது இடைவெளி விட்டு மூங்கிற் பாயோ பலகையோ வேய்ந்தால் சொட்டு பொருள்மீது விழாது. வசதியுள்ளவர்கள் மங்களூர் ஓடு போடலாம். 1865-இல் பாசல் மிஷனார் மங்களூரில் தொடங்கிய தொழிற்சாலை வழியாகப் பரவிய இவ்வோடு, சிறிது ஈரத்தை உறிஞ்சியும் இடுக்குகளின் வழியே காற்றை விட்டும் சொட்டைக் குறைக்கிறது.

மரத்தில் வைரம் பாய்ந்த தேக்கு நெடுநாள் நிற்கும். வெளிறும் மாமரப் பலகையும் மருந்தின்றி நில்லா. டேராடூன் வன ஆராய்ச்சி நிலையத்தில் சோந்தி காமேசன் 1933-இல் கண்ட தாமிர, குரோமிய, பாஷாணக் கலவை “ஆஸ்கு” என்ற பெயரில் உலகெங்கும் பரவியது. பாஷாணம் கலந்திருப்பதால் 2003-ஆம் ஆண்டின் முடிவோடு அமெரிக்காவில் குடியிருப்பு உபயோகத்திற்கு அது நிறுத்தப்பட்டது. அம்மருந்து ஏற்றிய பழைய மரத்தை அடுப்பெரிக்கலாகாது. புகையும் சாம்பலும் நஞ்சாகும். வெண்காரமும் போரிக் அமிலமும் கலந்த கரைசல் அபாயம் குறைந்தது. மழை அதைக் கரைத்துவிடுமாதலால், நனையாத உட்பகுதி மரங்களுக்கே ஏற்றது.

இவ்வளவு செய்தும் ஜூலை மாதத்துக் காற்றைக் கொட்டகை உலர்த்திவிடாது. ஆகவே விதையைக் கொட்டகையை நம்பி விடாமல், நன்கு உலர்த்தி ஆறவிட்டு, இறுக மூடும் தகர டின்களில் அடைத்து, மூடியின் விளிம்பை மெழுகால் அடைக்கவேண்டும். காற்று உலர்ந்திருக்கும் மார்ச்சு மாதத்திலேயே இதை முடித்துவிடுவது நலம். மே மாதத்திலேயே கடற்காற்றின் ஈரம் ஏறத் தொடங்கிவிடும். ஒரே பெரிய டின்னைவிடச் சிறு டின்கள் பல உகந்தவை. இடையில் முளைப்புச் சோதனைக்காக ஒன்றைத் திறக்க நேர்ந்தாலும் மற்றவற்றின் உலர்வு கெடாது.