மூடப்படாத கோவைகள்: தொடர் துப்பறியும் நாவலின் கவர்ச்சி பற்றிச் சில குறிப்புகள்

துப்பறியும் நாவலைப் பற்றி ஆராய்ச்சிச் சஞ்சிகையொன்றில் எழுதுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். அதனைப் பொழுதுபோக்கு எழுத்தென்று ஒதுக்கும் மனோபாவம் நமது முற்போக்கு விமர்சகரிடையே நெடுங்காலம் நிலவியது. அவ்வொதுக்கலுக்கு நியாயங்கள் இல்லாமலில்லை. எனினும் பல்லாயிரம் பேர் விரும்பிப் படிப்பதொன்றை இகழ்வதனால் மட்டும் அதனை விளங்கிக்கொள்ள இயலாது. அவர்கள் அதிலே எதனைத் தேடுகின்றனர் என்பதே கேட்கப்படவேண்டிய வினாவாகும். வெருகற் பிரதேசத்துக் கரையோரமாகிய இலங்கைத்துறை முகத்துவாரம் தொடக்கம் மூதூர், திருகோணமலைப் பட்டினம் வரையுள்ள நிலப்பரப்பை மனத்திற்கொண்டு இவ்வினாவை நோக்குவது பொருத்தமுடையது. ஏனெனில், துலங்காத கொலை அங்கு கற்பனைப் பொருளன்று.

தமிழில் இவ்வகை எழுத்தின் வரலாறு பழையது. பண்டித நடேச சாஸ்திரியின் 'தானவன்' 1894இல் வெளிவந்தது. அடுத்த ஆண்டிலேயே திருகோணமலை த. சரவணமுத்துப்பிள்ளையின் 'மோகனாங்கி' என்னும் வரலாற்று நாவல் சென்னையில் அச்சேறியது. குற்றத்தைத் துருவும் ஆர்வமும் இறந்தகாலத்தைத் துருவும் ஆர்வமும் ஏறத்தாழ ஒரே காலத்தில் நமது உரைநடைக்குள் புகுந்தன என்பது கவனித்தற்குரியது. எனினும் இவ்விரண்டும் பின்னர் வெவ்வேறு வழிகளிலேயே சென்றன. ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார், ஜே. ஆர். ரங்கராஜு ஆகியோரைத் தொடர்ந்து தமிழ்வாணனின் சங்கர்லாலும், சுஜாதாவின் கணேஷ், வசந்த் ஆகியோரும், ராஜேஷ்குமாரின் விவேக்கும் வாசகர் மனங்கொண்ட தொடர்பாத்திரங்களாயினர். இவர்கள் பெரும்பாலும் முதுமையடையாதவர்கள். இன்று நிகழும் குற்றத்தை நாளையே துலக்கிவிடுவர்.

மேனாட்டில் அண்மைப் பல தசாப்தங்களில் வளர்ந்துள்ள பழைய வழக்குத் தொடர்களோ இவ்விரு ஆர்வங்களையும் இணைப்பவை. ஸ்கொட்லாந்து எழுத்தாளர் இயன் ரான்கின் 1987இல் அறிமுகப்படுத்திய ரீபஸ் என்னும் பொலிஸ் அதிகாரி நூலுக்கு நூல் முதுமையடைகிறார். 2012இல் வெளிவந்த நாவலிலே அவர் ஓய்வுபெற்றபின் பழைய கோவைகளை மீளாய்வு செய்யும் பிரிவிற் பணிபுரிகிறார். டென்மார்க்கின் யூசி அட்லர்-ஓல்சன் 2007இல் தொடங்கிய வரிசையில், கைவிடப்பட்ட வழக்குகளுக்கான பிரிவு பொலிஸ் தலைமையகத்தின் நிலக்கீழறையில் இயங்குகிறது. அதற்கென ஒதுக்கிய பணத்தின் பெரும்பகுதியை வேறொரு பிரிவு விழுங்கிவிடுகிறது. 2003 முதல் 2010 வரை அமெரிக்காவில் ஒளிபரப்பான 'கோல்ட் கேஸ்' தொடரில் ஒவ்வொரு கதையின் ஈற்றிலும் பெட்டி மூடப்பட்டு, மீண்டும் தட்டில் வைக்கப்படுகிறது.

இத்தொடர்களின் கவர்ச்சி இருவகைப்பட்டது. ஒவ்வொரு நூலிலும் ஒரு வழக்கு முடிகிறது. ஆயினும் தொடர் முடிவதில்லை. முடிவு தரும் ஆறுதலையும் முடியாமை தரும் எதிர்பார்ப்பையும் வாசகர் ஒருங்கே பெறுகின்றனர். இதனினும் முக்கியமானது காலம் பற்றிய அவற்றின் நோக்காகும். அங்கே காலம் நீதியின் நண்பன். சாட்சியின் அச்சம் தேய்கிறது, மனச்சாட்சி உறுத்துகிறது, விஞ்ஞானம் வளர்கிறது. இது வெறுங் கற்பனையுமன்று. கலிபோர்னியாவில் 1974க்கும் 1986க்குமிடையே தொடர் குற்றங்கள் புரிந்தவன் 2018 ஏப்ரலில், மரபணு வம்சாவழி ஆய்வின் துணையுடன் கைதானான்.

திருகோணமலையிலோ காலம் எதிர்த்திசையில் இயங்கியுள்ளது. 2006 ஜனவரி 2ஆம் திகதி அங்கு கடற்கரையில் மாணவர் ஐவர் கொல்லப்பட்டனர். குண்டு வெடித்து இறந்தனர் என்று முதலிற் கூறப்பட்டது. துப்பாக்கிச்சூட்டுக் காயங்களைக் காட்டிய படங்கள் அக்கூற்றை மறுத்தன. அவற்றை எடுத்த பத்திரிகையாளர் சுகிர்தராஜன் அதே மாதம் 24ஆம் திகதி சுட்டுக்கொல்லப்பட்டார். மாணவர் கொலை தொடர்பாக 2013இற் கைதான பதின்மூவரையும் போதிய சான்றில்லையென 2019 ஜூலை 3இல் திருகோணமலை நீதவான் நீதிமன்றம் விடுவித்தது. முக்கிய சாட்சிகள் அதற்குள் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தனர். 2006 ஓகஸ்டில் மூதூரிற் கொல்லப்பட்ட தொண்டு நிறுவன ஊழியர் பதினெழுவர் தொடர்பாக எவரும் தண்டிக்கப்படவில்லை. 1996 பெப்ரவரி 11இல் குமாரபுரத்தில் இருபதுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்ட வழக்கில், குற்றஞ்சாட்டப்பட்டோர் 2016இல் அநுராதபுர மேல் நீதிமன்றத்தில் யூரிகளால் விடுவிக்கப்பட்டனர்.

இப்பின்னணியில் இத்தகைய தொடரைப் படிப்பவர் வெறுமனே யதார்த்தத்திலிருந்து தப்பியோடுகின்றார் எனல் பொருந்தாது. கொலையாளி யார் என்பதை அறியும் ஆவல் அவருக்கு இரண்டாம் பட்சமே. அது பற்றி ஊரார் நெடுநாளாகப் பேசிவந்திருப்பர். அவரை ஈர்ப்பது பிறிதொன்று: இறந்தவரின் பெயரை மறவாத ஓர் அலுவலகம், கோவையைத் தூசிதட்டி எடுக்கும் ஒரு கை, பெற்றோரின் வீட்டுக்கதவைப் பல்லாண்டு கழித்துத் தட்டும் ஓர் அதிகாரி. நாவலில் மிகச் சாதாரணமாக நிகழும் இச்செயலே அவருக்கு வியப்புக்குரிய கற்பனையாகின்றது.

ஆயினும் இவ்விலக்கியத்தின் கருத்துநிலை வரையறையையும் சுட்டுதல் வேண்டும். நீதியைப் பிடிவாதமுள்ள தனிமனிதனொருவனின் குணவிசேடமாக அது காட்டுகிறது. நிலக்கீழறைக்கு வரவேண்டிய பணத்தை யார் விழுங்கினர் என்பதை நகைச்சுவையாகச் சொல்லிக் கடந்துவிடுகிறது. உண்மையிற் பழைய வழக்கொன்று துலங்குவதற்குப் பாதுகாக்கப்பட்ட தடயங்கள், அஞ்சாது பேசக்கூடிய சாட்சிகள், ஆட்சியாளரின் தலையீடற்ற வழக்குத்தொடுநர் ஆகிய மூன்றும் வேண்டும். இலங்கையிற் சாட்சிகளைப் பாதுகாக்கும் தனிச்சட்டம் 2015இலேயே வந்தது; மாணவர் ஐவரும் கொல்லப்பட்டு அப்போது ஒன்பது ஆண்டுகள் கழிந்திருந்தன. ரீபஸ் போன்ற ஒருவர் திருகோணமலையிற் பணிபுரிந்திருந்தாலும், சாட்சி சொல்ல யாரை அவர் அழைத்திருக்க முடியும்?

1979ஆம் ஆண்டின் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவை கொலைக்கு வழக்குத் தொடரக் காலவரம்பு விதிக்கவில்லை. சட்டத்தின் கண்களில் இக்கொலைகள் பழையனவாகிவிடவில்லை. நாவலில் பெட்டி மூடப்படும்போது வாசகர் அடையும் நிறைவு, மூடப்படாத பெட்டிகள் எவை என்று வினவும் உணர்வாக வளருமாயின், ஒதுக்கப்பட்ட இவ்விலக்கிய வகையும் தன் பணியின் ஒரு பகுதியைச் செய்ததாகவே கொள்ளலாம். எஞ்சிய பகுதி நாவலாசிரியருடையதன்று.